கொடை விழா சிடியைப் போட்டுப் பார்க்க: பழைய விசிடி பிளேயரை மறுபடி ஓட வைக்கும் வழி

திருநெல்வேலிப் பக்கம் நாலு வீட்டு பீரோவைத் திறந்தால் இரண்டு வீட்டிலாவது பட்டுச்சேலை அடுக்குக்குக் கீழே ஒரு சிடி கவர் அகப்படும். கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கும். சில கவர்களில் சுடலைமாடசாமி கொடை, இசக்கியம்மன் கொடை என்று இருக்கும். கொடை என்றால் இந்தப் பக்கத்துக் கோயில் திருவிழா. 2000-களில் உள்ளூர் வீடியோக்காரர்கள் எடுத்துக் கொடுத்தவை இவை. இராத்திரி முழுக்க நடந்த வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, வேட்டைக்குப் போகும் சாமி, ஓரத்தில் நின்று கும்பிடும் தாத்தா எல்லாம் அதற்குள்தான் இருக்கும். சினிமா சிடி போனால் அந்தப் படத்தை வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம். இந்த சிடி போனால் போனதுதான், வேறு பிரதி கிடையாது.

அதைப் போட்டுப் பார்க்க பிளேயர் வேண்டும். ஓடாத விசிடி (வீடியோ சிடி) பிளேயர் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கிறது. அதில் பெரும்பாலானவை செத்தவை அல்ல. தூசி, காய்ந்த கிரீஸ், தொய்ந்த பெல்ட், உப்பிய கண்டென்சர் ஆகிய நாலில் ஒன்றுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும். சால்டரிங் அயர்னைப் பிடிக்கத் தெரிந்த, பொறுமை உள்ள யாரும் சரிசெய்யலாம். ஆனால் வரிசையாகப் போக வேண்டும். புதிதாகக் கை வைப்பவர்கள் எடுத்த எடுப்பில் 'லென்ஸ் போச்சு' என்று முடிவு கட்டி, நன்றாக இருக்கும் லென்ஸைத் தாங்களே கெடுத்துவிடுகிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்தால் என்ன?

போடலாம். சிடி நல்ல நிலையில் இருந்தால் அதுதான் சுலபம். சிடி தேய்ந்திருந்தால்தான் சிக்கல். விசிடி முறையை 1993-இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி நிறுவனங்கள் வகுத்தன. சாதாரண சிடியில் 74 நிமிடப் படத்தை அடைக்க வேண்டும் என்பதால், கம்ப்யூட்டர் ஃபைல்களுக்கு இருக்கும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கைப் படம் பதியும் பகுதியில் எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே நிரப்பினார்கள். படத்தில் ஒரு புள்ளி தப்பினால் ஒரு கட்டம் கலங்கும், அடுத்த விநாடி சரியாகிவிடும், பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார் என்பது கணக்கு.

கம்ப்யூட்டருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஃபைலாக காப்பி பண்ணும்போது ஒரு இடத்தில் படிக்க முடியாவிட்டால் அங்கேயே முட்டிக்கொண்டு நின்று, கடைசியில் எர்ரர் காட்டி வேலையை நிறுத்திவிடும். விசிடி பிளேயர் அப்படி நிற்காது. கலங்கின கட்டங்களைக் காட்டிவிட்டு மேலே போய்விடும். தேய்ந்த கொடை சிடிக்குப் பழைய பிளேயர் தேவைப்படுவது இதனால்தான்.

வாங்கும்போது

ஒரே ஒரு சிடி போடும் தட்டு உள்ள செட்டாக எடுங்கள். மூன்று சிடி சுழலும் தட்டு உள்ள மாடலில் பல்சக்கரங்கள் அதிகம், முதல் வேலைக்கு அது வேண்டாம். பெரிய கம்பெனி பெயர் உள்ளதுதான் வேண்டும் என்று தேடவும் வேண்டாம். அந்தக் காலத்தில் தகரப் பெட்டிக்குள் சீன போர்டைப் போட்டு விற்ற அசெம்பிள் செட்டுகள் நம் ஊர்களில் நிறைய ஓடின. பல செட்டுகளுக்கும் பொதுவான உதிரிபாகங்களே அவற்றில் இருப்பதால் பழுது பார்க்க அவைதான் தோது.

கடையிலேயே செட்டைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைப் பாருங்கள். தலை தேய்ந்திருந்தாலோ நாலில் இரண்டு இல்லாமல் இருந்தாலோ யாரோ ஏற்கெனவே உள்ளே கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். யாரும் திறக்காத செட்டே மேல், அது ஓடாவிட்டாலும் சரி. லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே ஏதாவது கடகடத்தால் விட்டுவிடுங்கள். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரிக் காட்டை ஒட்டின ஊர்களிலிருந்து வந்த செட்டுக்குள் சிவப்பு மணல் மாவாகப் படிந்திருக்கும். அதற்காக ஒதுக்க வேண்டாம், துடைக்கும் வேலைதான் கூடும். கடலோர ஊரிலிருந்து வந்ததில் பின்பக்க பின்கள் பச்சையாகப் பூத்திருந்தால் போர்டிலும் உப்பு ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்ப்பது நல்லது.

ரிமோட் இல்லை என்றாலும் முன்பக்க பட்டன்களை வைத்து ஓட்டிவிடலாம். ரிமோட் இருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, மொபைல் கேமராவை அதன் முனைக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம் மினுங்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. பின் கேமராவில் தெரியவில்லை என்றால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மல்ட்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய பெயிண்ட் பிரஷ், காது குடையும் பட்ஸ், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், கொஞ்சம் வெள்ளை கிரீஸ். கை கழுவும் சானிடைசர் ஆல்கஹாலுக்கு மாற்றாகாது, அதில் கலந்திருக்கும் கிளிசரின் லென்ஸில் படலமாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் கழுவும் திரவம் இவற்றை லென்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். லென்ஸ் பிளாஸ்டிக், கரைந்துவிடும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைகளில் இவை கிடைக்கும். இல்லாததை ஆன்லைனிலோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வரவழைக்கலாம்.

இவற்றோடு கடையில் விற்ற ஒரிஜினல் ஆடியோ சிடி ஒன்றும் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிளக்கில் சொருகுவதற்கு முன்னால்

வாங்கி வந்ததும் ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் மூடியைக் கழற்றுங்கள். நாலைந்து வருஷம் பரணில் கிடந்த பெட்டிக்குள் பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் கரப்பான் எச்சமும் இருப்பது சகஜம். பவர் சப்ளை போர்டின் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து கிடந்தால் போதும், கரண்ட் கொடுத்தவுடன் எல்லாம் போய்விடும். பிரஷ்ஷால் தட்டி எடுத்து, போர்டை ஆல்கஹால் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் காற்றாட ஒரு மணி நேரம் வையுங்கள்.

இந்த நேரத்தில் இரண்டு ஆபத்துகளைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர். 400 வோல்ட் என்று அதன்மேல் போட்டிருக்கும். 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 320 வோல்ட்டுக்கு மேல் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது இறங்காது. மீட்டரை வைத்து அளந்து, சில வோல்ட்டுக்குள் இறங்கிவிட்டது என்று பார்த்த பிறகே கை வையுங்கள். இரண்டாவது லேசர். 780 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்கு மங்கிய சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். மங்கலாக இருப்பதால் பயமில்லை என்று குனிந்து பார்க்கக் கூடாது. லென்ஸுக்கு நேர் மேலே கண்ணைக் கொண்டுபோகவே வேண்டாம், பக்கவாட்டிலிருந்து மொபைல் கேமராவால் பாருங்கள்.

பவர் சப்ளை

முதல் தடவை கரண்ட் கொடுப்பதைச் சீரியல் பல்பு வழியாகச் செய்யுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸ் வயரில் தொடராக இணைத்து, அதன் வழியாக செட்டுக்குக் கொடுப்பது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு மின்னு மின்னிவிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்கிவிடுங்கள். வயரிங் தெரியாதவர்கள் இந்த ஒரு வேலைக்குப் பக்கத்து எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் கண்ணாடியைக் கவனியுங்கள். உள் கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் எப்போதோ வோல்டேஜ் ஏறினதில் போயிருக்கலாம். கருகிப் புகையடித்திருந்தால் பெரிய ஷார்ட் நடந்திருக்கிறது. புது ஃபியூஸ் போட்டாலும் நிற்காது, டயோடுகளையும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் அளந்து பார்க்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் வெள்ளிக் காகிதமோ வயரோ சுற்றுவது கூடவே கூடாது.

லைட் விட்டு விட்டு எரிந்தாலோ, டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, டிஸ்ப்ளே மங்கலாக இருந்தாலோ அவுட்புட் பக்கக் கண்டென்சர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பலாகவோ, பழுப்பு நீர் கசிந்தோ இருந்தால் மாற்றுங்கள். 1000 மைக்ரோ ஃபாரட் 10 வோல்ட் என்றிருந்தால், அதே 1000 மைக்ரோ ஃபாரட்டில் 16 வோல்ட், 105 டிகிரி வகையைப் போடுங்கள். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. மாற்றியபின் 5 வோல்ட் லைனை அளந்தால் 4.8 முதல் 5.2 வரைக்குள் நிலையாக நிற்க வேண்டும். 4.5 என்று காட்டினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் செட் மக்கர் பண்ணும். லென்ஸ் படிக்கவில்லை என்று கொண்டுவரும் செட்டுகளில் ஒரு பகுதி உண்மையில் இந்த 5 வோல்ட் குறைவினால் படிக்காதவைதான்.

தட்டு வெளியே வரவில்லை என்றால்

மோட்டார் முனகும் சத்தம் கேட்டும் தட்டு வராவிட்டால் பெல்ட்தான். தட்டுக்கு அடியில் சின்னச் சதுர ரப்பர் வளையம் இருக்கும். தொய்ந்திருக்கும், இல்லையென்றால் கோந்து போல இளகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். ஒட்டினதை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புது பெல்ட் போடுங்கள். அளவு தெரியப் பழைய பெல்ட்டை இரண்டாக மடித்து ஸ்கேலில் வைத்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வாங்குங்கள். அவசரத்துக்குப் பழைய பெல்ட்டைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் கொஞ்சம் இறுகும். சில நாள் ஓடும், அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். இரண்டுமே வழிந்து பெல்ட்டுக்கும் லென்ஸுக்கும் போய்விடும்.

டிஸ்க் படிக்கவில்லை: கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது

இதுதான் முக்கியமான பகுதி. 'நோ டிஸ்க்' என்று திரையில் வந்தால் அது ஒரு நோய் அல்ல. ஐந்தாறு நோய்க்கு அந்த ஒரே அறிகுறிதான். மூடி இல்லாமல் செட்டை ஓடவிட்டு, தட்டு உள்ளே போனவுடன் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள்.

நல்ல செட்டில் நடப்பது இது. முதலில் லென்ஸ் ஹெட் முழுவதும் தண்டவாளத்தில் நகர்ந்து நடு மையத்தின் பக்கம் போய்ச் சேரும், அங்கே ஒரு சின்ன ஸ்விட்ச்சை அழுத்தும். சிடியில் பதிவு உள்ளேயிருந்து வெளியே போகிறது, அதனால் தொடக்கம் அங்கேதான். அடுத்து லேசர் எரியும், லென்ஸ் இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் எழும்பித் தாழும். கவனித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். டிஸ்க்கின் பளபளப்பிலிருந்து ஒளி திரும்பி வருகிறதா என்று அது தேடுகிறது. கிடைத்தவுடன் மோட்டார் சுற்றத் தொடங்கும். உள் ஓரத்தில் படிக்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்று, வெளி ஓரத்துக்கு வரும்போது 200 சுற்று அளவுக்குக் குறையும். கம்ப்யூட்டர் டிரைவ் மாதிரி சீறாது, நிதானமாகத்தான் சுற்றும்.

இந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஹெட் மையத்துக்கு வராமல் நடுவழியில் முக்கினால் கிரீஸ் காய்ந்து மெழுகாகிவிட்டது. பழையதைத் துடைத்து, தண்டிலும் பல்சக்கரத்திலும் வெள்ளை கிரீஸை ஒரு கடுகளவு தடவுங்கள். மையத்துக்கு வந்த பிறகும் கரகரவென்று பல் சறுக்கினால் அந்தச் சின்ன ஸ்விட்ச் அழுக்கு, ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுப் பலமுறை அழுத்தி விடுங்கள்.

ஹெட் வந்து சேர்ந்தும் லென்ஸ் அசையவே இல்லை என்றால் ரிப்பன் கேபிளைப் பாருங்கள். ஹெட்டிலிருந்து போர்டுக்கு வரும் தட்டை வயர் அது. கனெக்டரில் பூட்டு இருந்தால் அதை முதலில் தூக்கிவிட்டு, நேராக இழுத்து எடுங்கள். நுனியில் உள்ள கோடுகள் வெள்ளியாக மின்ன வேண்டும், நம் ஊர் ஈரத்துக்கும் தூசிக்கும் கறுத்துப்போயிருக்கும். பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி சொருகினாலே பல செட்டுகள் எழுந்துவிடுகின்றன. மடிப்பில் வெடித்திருந்தால் அதே எண்ணிக்கைக் கோடுகள், அதே அகலம் உள்ள கேபிள் மாற்ற வேண்டும்.

லென்ஸ் எழும்பித் தாழ்கிறது, சிவப்பும் தெரிகிறது, டிஸ்க் மட்டும் சுற்றவில்லை. இங்கேதான் லென்ஸைத் துடைக்க வேண்டும். சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே 1.6 மைக்ரான்தான் இடைவெளி. படலமாகப் படிந்த அழுக்கே அதற்கு மலை. பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, பிழிந்து, லென்ஸின்மேல் அதன் சொந்த எடையில் படும்படி வட்டமாகத் துடையுங்கள். அழுத்தாதீர்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, சாய்ந்துவிட்டால் நிமிர்த்த முடியாது. பிறகு உலர்ந்த பட்ஸால் ஒரு தடவை. வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதி இருந்தால் லென்ஸ் ஓரத்தில் நாலு தடவை ஊதுங்கள்.

சிவப்பே தெரியவில்லை என்றால், தட்டு முழுவதும் உள்ளே போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். அது பூட்டிக்கொண்டால்தான் லேசர் எரியும். எல்லாம் சரியாக இருந்தும் எரியாவிட்டால் ஹெட் போயிருக்கலாம்.

டிஸ்க் சுற்றத் தொடங்கித் தடுமாறினாலோ, பின்பக்கமாகச் சுற்றினாலோ, கட்டுமீறி ஓடினாலோ சுழற்றும் மோட்டார்மேல் சந்தேகம் வையுங்கள். கரண்டைத் துண்டித்துவிட்டு, மோட்டாரின் இரண்டு முனையிலும் மீட்டரை ஓம்ஸில் வைத்து, டிஸ்க் உட்காரும் சுழல்வட்டைக் கையால் மெள்ளச் சுற்றுங்கள். எண் ஓரளவு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். திடீர் திடீரென்று தாவினால் உள் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றுங்கள். இந்தச் சோதனைகளுக்கு நடுவே டிஸ்க்கை மேலிருந்து பிடிக்கும் காந்த வில்லையைக் கழற்றி வைத்துவிட்டால் டிஸ்க் வழுக்கும், செட்டின்மேல் வீண்பழி போடுவோம். அது இருக்கட்டும், அதன் ஓரத்திலிருந்தே பாருங்கள்.

ப்ரீசெட்டைத் தொடாதீர்கள்

ஹெட்டின் பக்கவாட்டில் ஸ்க்ரூ டிரைவர் நுனி போகும் அளவுக்கு ஒரு குட்டித் திருகு இருக்கும், ப்ரீசெட் என்பது அதுதான். லேசருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துவது அதுதான். அதைத் திருகினால் படிக்காத செட் படிக்க ஆரம்பிக்கும் என்பது உண்மை. அதனால்தான் அந்த வித்தை பரவியது. ஆனால் அழுக்கு லென்ஸுக்கு மருந்து கூடுதல் கரண்ட் அல்ல. கூட்டின கரண்டில் லேசர் வேகமாகச் செத்துவிடும். அம்பாசமுத்திரம் பக்கம் டிவி, டேப் காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி, வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்வது இதுதான்: "எய்யா, மொதல்ல அழுக்க எடுங்க. அப்புறம் கிரீஸு, அப்புறம் வயரு. அந்தத் திருகுல மட்டும் கைய வச்சிராதிய."

எல்லாவற்றையும் செய்தும் படிக்கவில்லை என்றால் ஹெட்டையே மாற்றுங்கள். அதன் பக்கத்தில் எண் போட்டிருக்கும், அதே எண்ணைத்தான் வாங்க வேண்டும். சீன செட்டுகளில் சோனி கேஎஸ்எஸ் 213 வகை நிறைய உண்டு, இன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. புது ஹெட்டின் ரிப்பனில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஈயப் பொட்டு ஒன்று வைத்திருப்பார்கள். நம் உடம்பில் இருக்கும் மின்னூட்டம் பாய்ந்து லேசர் செத்துவிடாமல் இருக்க அந்தக் காப்பு. ரிப்பனைப் போர்டில் சொருகின பிறகுதான் அந்தப் பொட்டை அயர்னால் எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் ஆபத்து, எடுக்க மறந்தால் லேசர் எரியாது, புது ஹெட்டும் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக நேரும்.

இப்போது அந்த ஆடியோ சிடி

சோதனையைக் கொடை சிடியில் தொடங்காதீர்கள். கடையில் விற்ற ஆடியோ சிடிதான் முதலில். அது அச்சில் வார்த்தது, நன்றாகப் பிரதிபலிக்கும். பாட்டு ஓடினால் லேசர், மோட்டார், இரண்டையும் கட்டுப்படுத்தும் சர்வோ சர்க்யூட் எல்லாம் நலம். அடுத்து கடையில் விற்ற சினிமா விசிடி. ஆடியோ ஓடி, விசிடி மட்டும் திரையில் இருட்டாக இருந்தால் பழுது படத்தை விரிக்கும் எம்பெக் சிப் பக்கம். அந்தச் சிப்பைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாமல் கொதித்தால் அது போயிருக்கும். பல போர்டுகளில் அதன் அருகே 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கும், கால்களில் சால்டர் விரிந்திருந்தால் மறுபடி உருக்கி விடுங்கள். இதுவும் சரிவரவில்லை என்றால் அந்த செட்டை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொண்டு வேறொன்று தேடுவது நல்லது. சிப் மாற்றுவது புதியவர்களுக்கான வேலை அல்ல.

இரண்டும் ஓடின பிறகே வீட்டில் எழுதின சிடி. சிடி-ஆர் என்று போட்டிருந்தால் படிக்கும். சிடி-ஆர்டபிள்யூ என்றிருந்தால் அதன் பிரதிபலிப்பு மிகக் குறைவு, பழைய பிளேயர்கள் பல படிக்காது. அதற்கு டிவிடி பிளேயரோ கம்ப்யூட்டரோதான்.

டிவியில் இணைக்க

மஞ்சள் பின் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். புது எல்இடி டிவிகளில் மஞ்சள் ஓட்டை தனியாக இருக்காது. பச்சை ஓட்டைக்குப் பக்கத்தில் ஏவி என்று எழுதியிருந்தால் மஞ்சளை அதில் சொருகுங்கள். ஏவி வழியே இல்லாத டிவிக்கு ஏவி-யிலிருந்து ஹெச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சின்னப் பெட்டி விற்கிறது. கடையில் கேட்கும்போது திசையைச் சரியாகச் சொல்லுங்கள். ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு மாற்றுவதும் பார்க்க அச்சு அசல் அதே பெட்டிதான், நமக்கு அது உதவாது.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ பிளேயர் என்டிஎஸ்சி (NTSC) என்ற வெளிநாட்டு டிவி முறையில் நிற்கிறது. ரிமோட்டில் நம் ஊர் முறையான பால் (PAL) என்பதற்கு மாற்றுங்கள். மெனு வந்து நின்று எந்த பட்டனுக்கும் அசையாவிட்டால் மெனுவை இயக்கும் பிபிசி (PBC) பட்டனை அழுத்தி அதை நிறுத்துங்கள், படம் நேராக ஓடும். பின்னைத் தொட்டால் படம் போய்ப் போய் வந்தால் பின்பக்க ஜாக்கின் சால்டர் விரிந்திருக்கிறது, ஒரு சொட்டு ஈயம் போதும். படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். விசிடி படத்தின் அளவே 352-க்கு 288 புள்ளிகள்தான். 43 இஞ்ச் திரையில் அப்படித்தான் இருக்கும்.

சிடியைத் துடைப்பது

நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வட்டக் கீறல் தடத்தோடு நெடுகப் போகும், செட்டால் தாண்ட முடியாது. குறுக்குக் கீறலைத் தாண்டிவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பழைய வேட்டித் துணியும் போதும். பற்பசை, வாழைப்பழம் என்று சொல்வதையெல்லாம் இந்த சிடியில் முயற்சி செய்யாதீர்கள். எழுத்து இருக்கும் மேல்பக்கத்தையும் பத்திரமாகப் பாருங்கள். பதிவு அடுக்கு அந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, அங்கே கீறினால் தகவலே போய்விடும். மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், அதோடு அடுக்கும் சேர்ந்து வந்துவிடும்.

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு என்று மலையடிவார ஊர்களில் சாரல் காலத்தில் லென்ஸில் ஈரம் பூத்து நேற்று ஓடின செட் இன்று படிக்காது. தட்டைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் பவரில் விட்டுப் பிறகு போடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

ஓடின அன்றே காப்பி

செட் எழுந்துவிட்டது என்றால் அன்றைக்கே காப்பி எடுங்கள். வீட்டில் எழுதின சிடியில் தகவல் இருப்பது ஒரு சாய அடுக்கில். வெளிச்சமும் வெப்பமும் அதை அரித்துக்கொண்டே இருக்கும், நம் ஊர் வெயிலில் பீரோவும் ஒன்றும் குளுமையான இடம் அல்ல. முதலில் கம்ப்யூட்டரில் போட்டு எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் உள்ள டாட் (.DAT) ஃபைலை காப்பி செய்து பாருங்கள். முழுவதும் வந்தால் அதுதான் அசலுக்கு அசல், விஎல்சி பிளேயர் சாஃப்ட்வேரில் ஓடும். பாதியில் நின்றால், யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி ஒன்றை வாங்கி, பிளேயரின் மூன்று பின்களையும் அதில் சொருகி, பால், 720-க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்து ஓடவிட்டே பதியுங்கள். இரண்டு மூன்று தடவை ஓடவிட்டால் ஒரு தடவை கலங்கின இடம் இன்னொரு தடவை தெளிவாக வரும், நல்ல துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஊர், கோயில், வருஷம், வில்லிசைக் குழுவின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். யார் யார் தெரிகிறார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு, அதே ஃபோல்டரில் குறித்துப் போடுங்கள். ஒரு பிரதி உங்கள் ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில், முடிந்தால் மூன்றாவது அந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பத்தாரான வரிதாரர்களிடம்.